பூனை விழுங்கிய நூல்

எங்கள் பூனை சரியாகச் சாப்பிடவில்லை. கருவாட்டுத் தலையை வைத்தாலும் முகர்ந்துவிட்டு, தறிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. மஞ்சளாக வாந்தி வேறு. டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றார் கணவர். கல்யாண சீசன், முகூர்த்தப் புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றது. பல்லியைத் தின்றிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

மறுநாள் காலை அதன் வாலுக்குக் கீழே அரக்கு நிறப் பட்டு நூல் விரல் நீளத்துக்குத் தொங்கியது. நான் தறிக்காகத் தார்க்குச்சியில் நூல் சுற்றும்போது கீழே விழுந்த துண்டு. இவ்வளவுதானா என்று நிம்மதியாகக்கூட இருந்தது. பூனையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இழுத்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அழுத்தி இழுத்தேன். அது கத்திய கத்தலில் கணவர் தறியை விட்டு ஓடிவந்தார். "விடு" என்றார். பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் கால்நடை டாக்டரம்மா பூனையின் வாயைத் திறந்து காட்டினார். நூலின் மறுமுனை நாக்கின் அடியில் சுற்றி, சதையை அறுத்திருந்தது.

"தொங்கின நூலை யாராவது இழுத்தீங்களா?"

நான் பூனையின் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் இழுத்துட்டேம்மா," என்றார் கணவர்.

திட்டு முழுவதும் அவருக்கு விழுந்தது. நூலை இழுத்தால், நாடாவை இழுத்த பாவாடை மாதிரி குடல் சுருங்கிக் கிழிந்துவிடுமாம். சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் அன்றைக்கே கொண்டுவர வேண்டாமா என்றார் டாக்டர். கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று, காலித் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனில் குடலில் கொஞ்சத்தை வெட்டி எடுத்தார்கள். பூனை பிழைத்துக்கொண்டது.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் மறுபடியும் கணவரைப் பார்த்து, இனிமேல் நூல் தொங்கினால் கை வைக்கக் கூடாது என்றார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குத் தாங்கவில்லை.

"இழுத்தது நான்தாம்மா."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது கணவரின் முகம் சுண்டிப்போயிருந்தது. "அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சே. இப்ப எதுக்கு என்னைப் பொய்க்காரனாக்கினே?" என்றார்.

ஆட்டோவின் அந்தப் பக்கம் திரும்பி, கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.