ரோட்டைப் பார்த்த கதவு

ஊர் ஊரா கக்கூஸ் கட்டிக் குடுக்கிற வேலைன்னு சொன்னா, கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளித்தான் உக்காருவார். பழகிப் போச்சு. மேல இருந்து வர்ற உத்தரவுக்கும் கீழ இருக்கிற ஜனத்துக்கும் நடுவுல மாட்டிக்கினு முழிக்கிறவங்களுக்கு நான் சொல்றது புரியும். இது சத்தியவேடு பக்கத்து ஊர் ஒண்ணுல நடந்தது.

போட்டோவுக்கு நிக்கிற கக்கூஸ்

கட்டி முடிச்சதும் கதவு, அதுல எழுதின நம்பர், வூட்டுக்காரங்க மூணும் ஒரே போட்டோவுல விழணும். இல்லாட்டி பில் பாஸாவாது. வூட்டுக்குப் பின்னால குறுகலான சந்து, போட்டோ எடுக்க இடம் பத்தாது. அதனால எல்லாக் கதவையும் ரோட்டைப் பார்த்தே வெச்சாங்க. புதுசா கல்யாணமாகி வந்த கஸ்தூரி வூட்டுக்கு நேர் எதிர்ல டீக்கடை. காலையில ஊர் ஆம்பளைங்க மொத்தமும் அங்கதான். "அக்கா, கதவை மட்டும் பின்பக்கம் வெக்கச் சொல்லுக்கா"ன்னு அந்தப் பொண்ணு கெஞ்சிச்சு. இன்ஜினியர் கிட்ட சொன்னேன், சண்டையே போட்டேன். மனுஷன் செல்போன்ல இருந்து தலையைத் தூக்கல. "டோர் ஃபோட்டோலோ கனபடாலி மேடம், அந்தே"ன்னார். போட்டோவுல கதவு தெரியணும், அவ்ளோதானாம்.

நிறைய தண்ணி குடிங்க

அப்புறம் வாசலுக்கே குழாயும் வந்துச்சு. மாசமா இருக்கிற பொம்பளைங்களுக்குக் கூட்டம் போட்டு, நிறைய தண்ணி குடிங்கன்னு நீட்டி முழக்கினேன். கஸ்தூரியும் உக்காந்துக்கினு இருந்தா. உதடெல்லாம் வெடிச்சுக் கிடந்தது.

தனியா கூப்பிட்டுக் கேட்டேன். கக்கூஸ் முன்னால அவ மாமியார் பழைய புடவையைக் கட்டி மறைச்சிருக்காங்க. ஆய்வுக்கு வந்தவங்க, நம்பர் தெரியலன்னு அதை அவுத்துப் போட்டுட்டாங்க. பழையபடி இருட்டினப்புறம் ஏரிக்கரைதான். பகல்ல என்னடி பண்றேன்னேன். "தண்ணி குடிச்சாதானக்கா போவணும்? நான் குடிக்கறதே இல்ல."

ஆஸ்பத்திரியில

அன்னிக்கே ஆபீசுக்குப் போன் பண்ணேன். ஆய்வு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னாங்க. அந்த அப்புறம் வர்றதுக்குள்ள மூத்திரத்துல கிருமி ஏறி, ஜுரம் கண்டு, ஏழாம் மாசமே வலி எடுத்துடுச்சு. திருப்பதிக்குத் தூக்கிக்கினு ஓடினாங்க. பொம்பளப் புள்ள. ஒரு நாள்கூடத் தாங்கல.

நான் போறப்ப கஸ்தூரி சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கினு இருந்தா. டாக்டரம்மா என் கழுத்துல தொங்கின அடையாள அட்டையைப் படிச்சாங்க. "தண்ணி, சுகாதாரம்னு ஊர்ல சொல்லித் தர்றது நீங்கதானா? இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்கலையாமே."

தோல்வியில கத்துக்கிட்டது

இதே தலைப்புல திருப்பதியில ஒரு ஏசி ஹால்ல கூட்டம். 'மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை'ன்னு பெரிய அதிகாரி திரையில போட்டார். நான் எழுந்து கஸ்தூரிக்கு நடந்ததைச் சொன்னேன். அப்புறம் சாப்பாடு ரெடின்னாங்க.

யாரையும் கேக்காம மேஸ்திரியைக் கையோட கூட்டிக்கினு ஊருக்குப் போனேன். முன்பக்கத்தை அடைச்சு, பின்பக்கம் இடிச்சு, கதவை அங்க மாட்டினார். காலையில ஆரம்பிச்சது மத்தியான சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சு போச்சு. கஸ்தூரி வாசப்படியில உக்காந்து கடைசி வரைக்கும் பார்த்துக்கினே இருந்தா. மேஸ்திரி கை கழுவ சொம்புல தண்ணி ஊத்தினவ, என் பக்கம் திரும்பாமலே கேட்டா. "இவ்ளோதானாக்கா வேல?"

எங்க தொழில்ல பாடம் படிக்கிறது ஆபீசு, அதுக்கு பீஸ் கட்டறது எப்பவும் ஊர்ப் பொம்பளைங்க.