ஆள் இருக்கிற வீடு

சாவி பவளத்தின் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. இருந்தாலும் மணியை அடித்துவிட்டு நிற்கிறாள். உள்ளே ஓட்டோ என்கிற யேர்மன்காரக் கிழவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் திறக்கும்வரை, யேர்மனியின் ஹம் நகரத்து மழையில் நனைந்தபடி அப்படியே நிற்பாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது அவள் தொழில். கூட வேலை செய்கிற பேர்பெச்சுவாவுக்கு இதெல்லாம் விசர்க் கூத்து.

"திறந்துகொண்டு போவமே, பவளம்!"

"அவற்ர வீடு. அவர் திறக்கட்டும்."

உண்மையைச் சொன்னால், அந்த வீடு கண்கொண்டு பார்க்கிற மாதிரி இல்லை. கிழவர் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் மாடாய் உழைத்தவர். மனைவி செத்த பிறகு எதையும் தொடவில்லை. சுவர்க் காகிதம் உரிந்து தொங்குகிறது; யன்னலோரம் பூஞ்சணம்; கதிரைகளில் எல்லாம் பழைய பேப்பர்க் கட்டுகள். முதல் நாள் பேர்பெச்சுவா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ மாதாவே, பாழடைஞ்ச வீடு!" என்றாள். பவளத்துக்கு வந்ததே கோபம்!

"ஆள் சீவிக்கிற வீட்டை அப்பிடிச் சொல்லாதையடி. ஆளில்லாத வளவைச் சொல்லு, தூர்ந்த கிணத்தைச் சொல்லு. மூச்சு விடுற மனிசன் உள்ளுக்கு இருக்கேக்கை அந்தச் சொல் வாயிலை வரப்படாது."

"சரி சரி, கடிக்காதை."

யேர்மன்காரருக்கு இந்தக் கூச்சம் கிடையாது. 'ஃபெர்வார்லோஸ்ட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கவனிப்பாரற்றுச் சீர்கெட்டது என்று பொருள். தோட்டத்துக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான், சவரம் செய்யாத மனிதனுக்கும் அதுதான்.

ஒரு வியாழக்கிழமை, கிழவர் இனித் தனியே இருக்கலாமா என்று பார்க்க முதியோர் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் அந்தச் சொல்லை எழுதிவிட்டால் முதியோர் இல்லம்தான். அங்கே போனால் செத்துப்போவேன் என்று கிழவர் பவளத்திடம் அழுதிருக்கிறார்.

வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லையேதான் சொன்னாள். "வீடு மட்டுமில்லை, இவரும்தான்." கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பவளத்துக்கு வாதாட வழியில்லை, எல்லாம் கண் முன்னே கிடக்கிறதே.

வேலைக்குப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பவளம், ஒரு கதிரையைக் காலியாக்கி உட்கார்ந்தாள். யேர்மன் மொழியில் கிழவரிடம் கேட்டாள்: "வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறோம், ஒரு கோப்பி தரமாட்டீர்களா?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குசினிக்குப் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. ஒரு கோப்பையைப் பவளத்தின் முன்னும் மற்றதை வந்தவளின் முன்னும் வைத்து, "பால் விடவா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கோப்பியைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள், எழுத எடுத்த பேனாவை மூடினாள். எங்கே உட்காருவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பவளம் பக்கத்துக் கதிரையில் கிடந்த பேப்பர்க் கட்டைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.