அக்காவைக் கேட்காமல் வைத்த நேர்த்தி

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன். ஆனால் சாமியோடு பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பிள்ளை பாஸ் பண்ணினா நூறு தேங்காய் எண்டு நேர்ந்திருக்கிறீங்களே, அம்மாள் என்ன தேங்காய்க் கடையா போட்டிருக்கா?" என்று ஆசிரியர் அறையில் பலரைக் கிண்டல் செய்திருக்கிறேன். அதே வாய்தான் போன வருஷம் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நேர்த்தி வைத்தது.

உள்ளே அக்காவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன். ஒரு மணித்தியாலம் என்றார்கள். மூன்று மணித்தியாலமாகியும் கதவு திறக்கவில்லை. அம்மா இறந்தபிறகு என்னை வளர்த்தவள் அவள். "தாயே, அவளை உசிரோட தா. வைகாசிச் சடங்குக்கு அவளே வந்து உனக்கு மடிப்பிச்சை எடுப்பாள்" என்று சொல்லிவிட்டேன். வீடு வீடாகப் போய், சேலை மடியில் அரிசி ஏந்தி வாங்கி, கண்ணகை அம்மனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் படுவான்கரை ஊர்களில் பெண்கள் வழமையாக வைக்கும் நேர்த்தி. அக்கா கர்த்தரை ஏற்றுக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

கதவு திறந்தது. ஏறாவூர்க்காரரான டொக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், இனிப் பயமில்ல" என்றார். அக்கா கண் விழித்ததும் "ஸ்தோத்திரம்" என்றாள். நான் மனதுக்குள் "தாயே" என்றேன். யார் காப்பாற்றியது, யாருக்கு நன்றி சொல்வது என்று அன்றைக்குத் தொடங்கிய குழப்பம் இன்னும் தீரவில்லை.

இந்த வருஷம் வைகாசி நெருங்க நெருங்க எனக்கு நித்திரை கெட்டது. பேசாமல் விட்டுவிடலாம், நான் நேர்ந்தது யாருக்குத் தெரியும்? ஆனால் அக்கா இரண்டு முறை இருமினாலே எனக்கு நெஞ்சு பக்கென்றது. நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது என்பேன். பயம் மட்டும் நன்றாக இருந்தது. அக்காவோ வேதப்புத்தகத்தோடு வீடு வீடாகப் போகிறவள். அதே வாசல் படலைகளில் போய் மடியேந்தி நில் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரிடம் போனேன். "அவவுக்குப் பதிலா நான் சாறன் மடியில ஏந்தினா அம்மாள் ஏற்பாவா?" என்று கேட்டேன். மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நேர்ந்த வாய் உன்ட, ஏந்துற மடி அவட. இதுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்கும் விளங்கல்ல மனே. அவவிட்டயே கேளு."

நான் போனபோது அக்கா பின்வளவில், வாவிப் பக்கமாக இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை, சடங்குக்காகக் கோயில் கதவு திறந்திருக்கும் நாட்களில் அவள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. பக்கத்து வீட்டுச் சனம் விரதம், மணம் போகும் என்பாள். அந்த மரியாதையை நம்பித்தான் நான் வாயைத் திறந்தேன். நேர்த்தியையும் என் பயத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. கோபமும் வரவில்லை.

"நானும் ஒண்டு சொல்லியிருக்கன்டா" என்றாள். "உள்ளுக்குக் கொண்டு போகக்குள்ள. என்னை எழுப்பிவிட்டா என்ட தம்பிய ஞானஸ்நானத்துக்குக் கூட்டிக்கொண்டு வாறன் ஆண்டவரே எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவளை அம்மனுக்குக் கொடுக்க, அவள் என்னை ஆண்டவருக்குக் கொடுத்திருக்கிறாள்.

"அப்ப ஏன் ஒரு வருஷமா என்னட்டக் கேக்கல்ல?"

"கேட்டா நீ வருவாய். நம்பி வரமாட்டாய், எனக்காக வருவாய். அது தெரிஞ்சுதான் கேக்கல்ல."

சிரிப்பு அடங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் ஒரு வருஷமாக எனக்குச் செய்யாமல் இருந்ததை நான் ஐந்து நிமிஷத்தில் அவளுக்குச் செய்துவிட்டேன். 'விடு அக்கா, அதைப் பெரிசா எடுக்காத' என்று சொல்ல வாயெடுத்தேன். அதே நேரம், அவள் ஓம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்றும் மனம் கிடந்து அடித்தது. இதில் எது நான் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா கையைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மடிப்பிச்சை எண்டைக்கு எடுக்கணும்?"

நாள் எனக்குத் தெரியும். என்னால் சொல்ல முடியவில்லை.