உப்பில்லாத ஈரம்

என் வீட்டுக்காரரை அணைக்கட்டில் எல்லோரும் நீர்க்காகம் என்பார்கள். மதகுகளில் சிக்கும் கட்டையையும் கொடியையும் தண்ணீருக்குள் இறங்கி எடுப்பது அவர் வேலை. தண்ணீர் எலும்பு வரை குளிரும். அதனால் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடிக்கும் டிரைசூட்டைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. போகக் கூடாது.

அந்த உடுப்புக்கு எங்கள் வீட்டில் நடக்கும் உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. வந்ததும் ஜிப்பை மூடி நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுவார். நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுவார். வெளிப்பக்கம் காய்ந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, வீட்டிலிருக்கும் ஒரே டேபிள் ஃபேனை அதற்கு முன்னால் வைப்பார். நான் வேர்த்து வழியலாம், பரவாயில்லை. ஜிப்புக்கு மெழுகு, ரப்பருக்கு வாசனையில்லாத பவுடர். எனக்குப் பவுடர் வாங்க மறக்கும் மனுஷர் அதை ஒருநாளும் மறந்ததில்லை. தன் தலையைத் துவட்ட மட்டும் நேரம் கிடையாது. வருஷத்தில் பாதி நாள் தும்மல்தான்.

"நீ கை வைக்காத, உனக்குத் தெரியாது." பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டு. பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லாம் மனப்பாடமானது அவருக்குத் தெரியாது.

போன வியாழக்கிழமை பையைக் கீழே போட்டவர், "இடது கை மரத்துப்போச்சு. இன்னிக்கு மட்டும் நீயே காயப் போடு. நாளைக்கு அடி மதகுல ரெண்டு மணி நேர வேலை" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பையைத் திறந்தேன். சூட்டுக்குள் போடும் கம்பளிச் சட்டையின் இடது கை முழுக்கச் சொதசொதவென்று இருந்தது.

"என்னங்க, இது எப்படி நனைஞ்சது?"

"வேர்வை."

"வலது கைக்கு வேர்க்கலையா?"

"அது சோம்பேறிக் கை."

சட்டைக் கையை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"உங்க வேர்வையில உப்பே இல்லையே. டாக்டரைப் பாக்கலாமா?"

சூட்டின் மணிக்கட்டு ரப்பரை விரித்தேன். நகக்கீறல் போல ஒரு வெடிப்பு.

"ரெண்டு வாரமா லேசா ஒழுகுது" என்றார் மெதுவாக. "சொன்னா ரிப்பேருக்கு அனுப்பிடுவாங்க. அடி மதகுக்குப் புதுசா வந்தவனை இறக்குவாங்க. அந்த மதகுல இதுவரைக்கும் நான்தான் இறங்கியிருக்கேன்."

"அவனே இறங்கட்டும், அவன் சூட்டு ஒழுகல. அவ்வளவு ஆழத்துல கை மரத்துப்போனா எப்படி மேல வருவீங்க? எனக்குப் பயமா இருக்குங்க."

கேலியாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

அவர் சோம்பேறிக் கையால் போனை எடுத்தார்.

"சார், என் சூட்டு ஒழுகுது. நாளைக்கு நான் இறங்கல."

ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன். துண்டை எடுத்து வந்து தலையை அழுத்தித் துவட்டிவிட்டேன். குழந்தை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"வாசனையில்லாத பவுடரும் போட்டுவிடட்டுமா?" என்றேன்.

பதிலுக்கு ஒரு தும்மல் போட்டார்.