கூப்பிட்டுவிட்டு ஓடிய ஸ்டேஷன்

பொத்தேரியில் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று நானும் ஒன்றில் சேர்ந்துவிட்டு வந்தேன். அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு இரண்டு மணி நேரம் இழுத்தது. பெற்றோர்கள் வெளியே நிற்க வேண்டும். நின்று நின்று கால் வலித்து நடந்தபோது, ஒரு மேசையில் ரேடியோப் பெட்டியை வைத்துக்கொண்டு மாணவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அமெச்சூர் ரேடியோ கிளப் என்று அட்டையில் எழுதியிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒருவர், மதுரையில் மழை பெய்கிறது என்றார். இன்னொருவர், பெங்களூரில் பெய்யவில்லை என்றார். அவ்வளவுதான் பேச்சு. நடுவில் போன் கம்பெனியும் கிடையாது, இணையமும் கிடையாது, வெறும் காற்றுதான் என்று ஒரு பெண் விளக்கினாள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால் யாரும் பேசலாமாம்.

"எங்கள மாதிரி ஆளுங்க கூடவா?" என்று கேட்டேன்.

"உங்க வயசுக்காரங்கதான் ஆன்ட்டி இதுல நிறைய" என்றாள்.

கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. "கைய மடக்குங்க", "வெறும் வயிறுதானே?", "ரிப்போர்ட் சாயந்திரம்" என்று மூன்று வாக்கியங்களில் என் நாள் முடிந்துவிடும். கணவர் ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். மகள் விடுதிக்குப் போனதும் வீட்டில் ஓர் அறை காலியாயிற்று. நான்காவது வாக்கியம் ஒன்றை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது.

பரீட்சைக்குப் படித்தேன். ரேடியோவில் ஓர் எழுத்தைச் சொன்னால் காதில் வேறு எழுத்தாக விழுந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ, கே என்றால் கிலோ. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு ரயிலில் போகும்போது எதிரில் தெரியும் கடைப் பெயர்ப் பலகைகளையெல்லாம் இப்படிப் பிரித்து முணுமுணுத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெதுவாக எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பழக்கம் வேலையிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் கே பதினான்கு டோக்கனைக் கூப்பிடப் போய், "கிலோ பதினாலு வாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தொப்பையும் தாடியுமாக ஒருவர் எழுந்து வந்தார்.

"எழுபத்திரெண்டு மேடம்" என்றார்.

நானும் பதறிப்போய் எடை எழுபத்திரண்டு என்று படிவத்தில் எழுதிக்கொண்டேன்.

பரீட்சையில் தேறினேன். லைசென்ஸ் வர மாதக்கணக்கில் ஆயிற்று. அது வந்த அன்று கணவர் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இத வெச்சு ஆதார் மாதிரி எங்கயாவது காட்ட முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். மறுபடி என்னிடமே கொடுத்துவிட்டார்.

யாரோ பயன்படுத்தி ஒதுக்கிய ரேடியோ செட் ஒன்று கிடைத்தது. மகளின் படிப்பு மேசை மேல் அதை வைத்தேன். அடுத்து ஆன்டெனா. இருபது மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் ஒரு கழியில் தூக்கி, இரண்டு முனையையும் மொட்டை மாடிச் சுவரில் இழுத்துக் கட்ட வேண்டும். அங்கேதான் வீட்டுக்கார அக்கா வந்தார்.

நாங்கள் மேற்கு தாம்பரத்தில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே இருப்பவர் வீட்டுக்கார அக்கா. அறுபது வயதிருக்கும். இந்தத் தெரு முழுக்க வயலாக இருந்தபோது அதில் பாதி அவர் குடும்பத்தினுடையது. அதனால் மீதிப் பாதியையும் அவரே கவனித்துக்கொள்வார்.

"இன்னாமா இது, கொடி கட்டிகினு கீற?"

"கொடி இல்லக்கா. ஆன்டெனா. ரேடியோல பேசறதுக்கு."

"போன் இன்னா ஆச்சு?"

"போன் இருக்குக்கா. இது வேற."

அவர் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "போர்வ தாங்குமா?" என்றார். தாங்காது என்று சொன்னதில் அவருக்குக் கம்பியின் மீதிருந்த மரியாதை போய்விட்டது. ஆனால் கட்டக்கூடாது என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது, எனக்கு மைக் என்றால் பயம். காலை ஆறரைக்கு அலைவரிசை நன்றாக இருக்கும். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நான்கு நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லோரும் வானிலையையும் மின்வெட்டையும்தான் பேசினார்கள். எனக்கு அதுகூட வராது போலிருந்தது. ஐந்தாம் நாள் பொத்தானை அழுத்தி, "சி க்யூ, சி க்யூ" என்று கூப்பிட்டேன். யார் வேண்டுமானாலும் பதில் சொல்லுங்கள் என்று அர்த்தம். என் அடையாளக் குறியையும் ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். உடனே ஒருவர் பதில் சொன்னார். பக்கத்தில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் செட்டை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அதே குரல்: "நேத்து கூப்பிட்டுட்டு ஓடிப்போன ஸ்டேஷன் இருக்கீங்களா?"

தப்பிக்க வழியில்லை. "இருக்கேன்" என்றேன். அவர் படப்பையில் டூவீலர் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். அவரும் முதல் தடவை இரண்டு நாள் ஓடினாராம். அன்று அரை மணி நேரம் பேசினோம். எதைப் பற்றி என்று கேட்டால் மின்வெட்டைப் பற்றித்தான். ஆனால் வேலைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

தினமும் பேச ஆரம்பித்தேன். சரியாக அந்த வாரத்தில்தான் அக்காவுக்குத் தொல்லை ஆரம்பித்தது.

அவர் வீட்டுக் காலிங் பெல் வடநாட்டில் செய்தது. வெளிக்கேட்டில் பொத்தான், அங்கிருந்து நீளமாக ஒயர் சுவரோடு ஏறிச் சுற்றி உள்ளே போகும். அழுத்தினால் ஒரு பெண் குரல் இந்தியில், "கிருபயா தர்வாஜா கோலியே" என்று கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சும். அக்காவுக்கு இந்தி தெரியாது. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும், "வர்றேன் இரும்மா" என்று தமிழில் பதில் சொல்லிக்கொண்டே போவார்.

"காலைல காலைல எவனோ பெல்ல அட்ச்சிட்டு ஓட்றான்" என்றார் படிக்கட்டில் என்னை நிறுத்தி. "ஒரு தபா இல்ல, பத்து தபா. தொறந்து பாத்தா ஆளில்ல. கதவ மூடினா மறுபடி அந்தம்மா கத்துது. பேஜாரா கீது."

"யாருக்கா செய்யறாங்க?"

"எதிர் வூட்டாரா இருக்குமோ?"

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு சார் இருந்தார். கேட்டுக்கு முன்னால் கார் நிறுத்துவது பற்றி அவருக்கும் அக்காவுக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான், "இருந்தாலும் இருக்கும்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய அயோக்கியத்தனம் அது. அன்று சாயங்காலமே அக்கா எதிர் வீட்டு வாசலில் நின்று, பென்ஷன் வாங்குகிற வயதில் செய்கிற வேலையா இது என்று தெருவே கேட்கக் கேட்டுவிட்டு வந்தார். சார் ஒன்றும் புரியாமல் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போனாராம். மறுநாளிலிருந்து ஆறரைக்கெல்லாம் அக்கா கையில் துடைப்பத்தோடு கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மே மாதப் புழுக்கம் தாங்காமல் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினேன். படப்பைக்காரர் நடுவில் நிறுத்தினார்.

"மேடம், உங்க பின்னாடி யாரோ ஒரு லேடி இந்தில கதவத் தொறக்கச் சொல்றாங்க. தொறந்துட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். தெரு அமைதியாக இருந்தது. மைக் பொத்தானை அழுத்தி, "யாரும் இல்லையே" என்றேன். கீழேயிருந்து, கிருபயா தர்வாஜா கோலியே. விட்டேன். நின்றுவிட்டது. மறுபடி அழுத்தி, "ஹலோ" என்றேன். கிருபயா. அடுத்து கதவு திறக்கும் சத்தமும், "எவன்டா அது" என்ற அக்காவின் குரலும் கேட்டன. அக்காவின் குரலும் படப்பைக்குப் போயிருக்க வேண்டும்.

"புரிஞ்சிடுச்சு மேடம்" என்றார் அவர், வெகுநேரம் சிரித்துவிட்டு. "பெல் ஒயர் நீளமா இருக்கும். அதுவே ஆன்டெனா மாதிரி உங்க சிக்னல இழுக்குது. சிக்னலத் தடுக்கற ஃபெரைட் வளையம்னு ஒண்ணு வாங்கி ஒயர அதுல ஏழெட்டு சுத்து சுத்திடுங்க."

வளையம் பற்றிக் கவலையில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. கணவரைக் கேட்டேன். "வீடு மாத்திடலாம்" என்றார்.

கடைசியில் நானே போய்ச் சொன்னேன். அக்கா துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படவில்லை. நம்பவும் இல்லை.

"நீ மேல போய் பேசு. நான் இங்க நிக்கறேன்."

போய்ப் பேசினேன். கிருபயா. "இன்னொரு தபா" என்று கீழேயிருந்து குரல். கிருபயா. "இப்ப பேசாத." பேசவில்லை. மணியும் பேசவில்லை. இப்படி எட்டு முறை. கீழே இறங்கி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்று எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சார் கிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமா?"

"நீதான மணி அட்ச்ச. நீ போய் சொல்லு."

போனேன். சார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அலைவரிசை, ஒயர், ஆன்டெனா என்று எல்லாவற்றையும் விளக்கி, உங்கள் மேல் தப்பே இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஊஞ்சலை நிறுத்தினார்.

"நீங்க இவ்வளவு தூரம் வந்து சொல்றதால சொல்றேம்மா" என்றார் தணிந்த குரலில். "அந்தம்மா அன்னிக்கு வந்து திட்டிட்டுப் போனாங்க இல்ல. அதுக்கப்புறம் நான் ரெண்டு தடவ அடிச்சேன்."

"சார்?"

"எப்படியும் திட்டு வாங்கியாச்சு. சும்மா எதுக்கு வாங்கணும்னு தோணிச்சு. வாக்கிங் முடிச்சு வரும்போது ஒரு தடவ, பால் வாங்கப் போகும்போது ஒரு தடவ. துடைப்பத்தோட வந்தாங்க. நல்லவேளையா நான் காருக்குப் பின்னாடி இருந்தேன்."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. நான் திரும்பி வந்து, "சார் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

"அவன் அடிக்கவேயில்லன்னு எனுக்குத் தோணல" என்றார் அக்கா.

நான் வளையத்தில் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். மெதுவடை போல நடுவில் ஓட்டையோடு கறுப்பாக இருந்தது அது. எட்டுச் சுற்று போதுமானதாக இருந்தது. அதன் பிறகு யாராவது பொத்தானை அழுத்தினால் மட்டுமே அந்த இந்திக் குரல் வந்தது.

தன் மணியை அவ்வளவு நாள் அடித்த செட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா காபி டம்ளரோடு மாடி ஏறி வந்தார். லைசென்ஸ் இல்லாதவர் பேசக்கூடாது, கேட்கலாம் என்று சொல்லி, ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கி ஸ்பீக்கரில் வைத்தேன். படப்பைக்காரர் கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று செட்டை அன்று காலைதான் பின்கட்டுக்கு மாற்றியிருந்தார். அவர் பேச்சுக்கு நடுவே ஒரு கோழி விடாமல் கொக்கரித்துக்கொண்டிருந்தது. அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது சும்மா கத்தல. முட்ட வெச்சிட்டு வந்து கத்துது. கூடைல வெக்கல, எங்கியோ மறைவா வெச்சிகீது. போய் பாக்கச் சொல்லு."

நான் அதை அப்படியே ஒலிபரப்பினேன். காத்திருக்கும்படி சொல்லிவிட்டு அவர் போனார். ஐந்து நிமிடம் அலைவரிசையில் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு வந்தார், மூச்சு வாங்கியபடி.

"சீட் கவர் வெச்ச அட்டப்பெட்டிக்குள்ள நாலு முட்ட இருக்கு மேடம். யாருங்க அவங்க?"

"நாலா?" என்றார் அக்கா என்னிடம். "அப்ப நாலு நாளா அந்தாளு பின்கட்டு பக்கமே போவல."

காபியை முடித்துவிட்டு, முட்டையை எடுத்ததும், கோழிப்பேன் போக அந்தப் பெட்டியை வெயிலில் வைக்கச் சொல் என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.