துவண்ட இலைக்கு ஒலிவப் புகை

ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட மகனின் அறையில் இப்போது நாலு கஞ்சாச் செடிகள் குடியிருந்தன. வீட்டுக்கு நாலு வரை வளர்க்கலாம் என்று மால்டாவில் சட்டமே சொல்லிவிட்டது. வெளியே கண்ணில் படக்கூடாது, அக்கம்பக்கத்துக்கு மணம் போகக்கூடாது, அவ்வளவுதான். ஃபிலுமேனாவுக்கு அந்தச் செடியைப் பற்றித் தெரிந்ததும் அவ்வளவுதான். தக்காளி வைத்திருக்கிறாள், புதினா வைத்திருக்கிறாள். மொட்டை மாடித் தொட்டியில் எலுமிச்சை கூடக் காய்த்தது. இது வேறு சங்கதி. அறையில் இருந்த மாதா சுரூபத்தை இடம் மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் செடிகளுக்குப் போட்ட விளக்கின் ஊதா வெளிச்சம் மாதாவின் முகத்திலும் விழுந்தது.

"நீங்களும் ஒரு கண் பாத்துக்குங்க தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் கதவைச் சாத்துவாள்.

எல்லாம் அவள் புருஷன் விஸ்தினின் காலுக்காக. ஊர்ப் புனிதரின் திருவிழாவுக்கு வாணவெடி கட்டிக்கொண்டிருந்தபோது கொட்டகை வெடித்தது. கூட இருந்த இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். விஸ்தின் இடது காலில் தீக்காயத்தோடு பிழைத்தான். கால் இருந்தது, ஆனால் தோலுக்கு அடியில் நெருப்பு அணையவே இல்லை. அந்த வருஷம் திருவிழா நடத்தும் ஊர் வாத்தியக்குழு மன்றத்தில் அவன் படத்தை மாட்டினார்கள், சாமியார் பிரசங்கத்தில் பேர் சொன்னார். அடுத்த வருஷம் புது ஆட்கள் வெடி கட்டினார்கள். ஊர் வெடியை மறக்கவில்லை, காலை மறந்தது.

மாத்திரை அவன் வயிற்றைப் புண்ணாக்கியது. டாக்டர்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில், கஞ்சா எண்ணெய் சிலருக்குக் கேட்கிறது என்றார். யாரோ ஒரு குப்பி கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு. அன்று விஸ்தின் விடியும்வரை தூங்கினான். பக்கத்தில் படுத்திருந்த ஃபிலுமேனாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த மனுஷன் குறட்டை விட்டுக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அழுதுகொண்டே கிடந்தாள். குப்பி தீர்ந்ததும் விதை வாங்கினாள்.

செடிகள் இடுப்பளவு வந்து, கிளைகள் விரிந்து, இலைகள் விளக்கைப் பார்த்துக் கை நீட்டி நின்றபோது நாத்தனார் ரொசாரியா வந்து பார்த்தாள். விஸ்தினுக்கு மூத்தவள், கல்யாணம் ஆகாதவள், பக்கத்து வீடு. பக்கத்து வீடு என்பதே ஒரு பேச்சுக்குத்தான். அவர்கள் அம்மாவின் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி அக்காளும் தம்பியும் பிரித்துக்கொண்டது அது. நடுவே காற்று வர ஒரு குறுகிய முற்றம். ஃபிலுமேனா வீட்டின் மகன் அறைச் சன்னல் அதைப் பார்த்து இருந்தது. ரொசாரியா துணி காயப்போடும் கொடியும் அங்கேதான்.

ரொசாரியா வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடேயப்பா! என்ன வளத்தி, என்ன வளத்தி! காட்டுல வளர்ற மாதிரியில்ல வளருது!" என்றாள்.

ஆண்டவர் காக்கட்டும் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. புகழ்ந்த கையோடு அதைச் சொல்லாவிட்டால் கண்ணேறு படும் என்பது ஃபிலுமேனாவின் நம்பிக்கை.

"மதினி, ஆண்டவர் காக்கட்டும்னு சொல்லுங்க."

"இதுக்கா? இதக் காக்கிறதுதான் ஆண்டவருக்கு வேலை பாரு!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே ஒரு செடியில் கீழ் இலைகள் கொஞ்சம் சோர்ந்தன. வேறு யாராக இருந்தாலும் மண்ணைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். ஃபிலுமேனா தொட்டுப் பார்க்கவில்லை. தண்ணீரையும் ஊற்றினாள், அதோடு மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த, குருத்தோலை ஞாயிறில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஒலிவக் கிளையை எடுத்தாள். பழைய தகரத்தில் கரிக்கங்கு போட்டு, இலைகளை உருவி அதன்மேல் தூவி, விசுவாசப் பிரமாணம் என்ற செபத்தைச் சொல்லிக்கொண்டே அறையை மூன்று முறை சுற்றினாள். அவள் அம்மா செய்தது, அம்மாவின் அம்மா செய்தது. கண்ணேறு பட்ட வீட்டுக்கு வேறு என்ன மருந்து? புகை வெளியே போனால் பலன் போய்விடும் என்று சன்னலை இறுக்கிச் சாத்தினாள். இன்னொரு லாபமும் இருந்தது: ஒலிவப் புகையில் கஞ்சா மணம் அமுங்கிப்போகும், மதினி மூக்குக்கு எட்டாது.

மறுநாள் அது இன்னும் கொஞ்சம் துவண்டது, மற்றவையும் சோர ஆரம்பித்தன. பொல்லாத கண் போலிருக்கிறது என்று காலையும் மாலையும் புகை போட்டாள்.

தொட்டி, மண், விளக்கு விற்கும் கடைக்காரன் க்ளின்ட்டிடம் போய் நின்றாள். கையெல்லாம் பச்சை குத்தியவன், ஆனால் பேச்சில் மரியாதை.

"இலை எப்படித் தொங்குதும்மா? பேப்பர் மாதிரி லேசாவா, இல்ல கனமா குண்டா வளையுதா?"

"பூசையில தலை குனிஞ்சு நிக்கிறவங்க மாதிரி குனியுது."

"தண்ணி ஜாஸ்தி. தொட்டியத் தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா ஊத்தாதீங்க. லேசான பிறகு ஊத்துங்க."

தூக்கிப் பார்த்தாள், கனம்தான். தண்ணீரை நிறுத்தினாள். தொட்டி லேசானது. இலை நிமிரவில்லை. காம்பு வளைந்து, இலை விரல்கள் மடங்கி, அடியில் மஞ்சள் ஏறியது. மறுபடி கடைக்குப் போனாள். உரம் அதிகமா, விளக்கு ரொம்பக் கிட்டவா, வேர் அழுகியிருக்கிறதா, இலைக்கு அடியில் பூச்சியா என்று க்ளின்ட் ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளும் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விளக்கை உயர்த்தினாள். கண்ணாடி போட்டு இலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். ஒன்றும் இல்லை. புகையை மட்டும் விடவில்லை. மருந்தை யாராவது நோயோடு சேர்த்து எண்ணுவார்களா?

விஸ்தின் கட்டிலிலிருந்து, "என்ன சொல்லுது உன் பிள்ளைங்க?" என்று கேட்பான்.

"தேறிடும். நீங்க கவலைப்படாதீங்க."

"எனக்கென்ன கவலை? கால்தானே எரியுது, வீடா எரியுது!" என்று சிரிப்பான். சிரிப்பு பாதியில் பல்லைக் கடிப்பதாக மாறும்.

நாலில் ஒன்று பிழைக்காது என்று தோன்றியதும், மற்றவற்றுக்கும் அந்த அளவு முற்றுமோ என்று பயந்து அதைத் தூக்கிக் கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். குப்பைக்காரர் வரும் நாளில் போட்டுவிடலாம் என்று நினைத்து மறந்தும் போனாள். பிறகு துடைப்பம் எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். படிக்கட்டு விளக்கின் மங்கல் வெளிச்சத்தில், சொட்டுத் தண்ணீர் காணாமல், அந்தச் செடி இலைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அதே மண், அதே விதை. இங்கே நல்ல வெளிச்சம்கூட இல்லை. அங்கே இருந்து இங்கே இல்லாதது என்ன? யோசிக்க யோசிக்க விடை தெரிந்தது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் நேரமாயிற்று. அறைக்குப் போய் மாதாவின் முன் முழந்தாளிட்டு, "தாயே, நான் உங்க பேரைச் சொல்லித்தானே போட்டேன்" என்றாள். சுரூபத்தின் நீல முக்காட்டில் கரி படிந்திருந்தது. சமையல் மேலங்கி நுனியால் துடைத்தாள்.

விஷயத்தைக் கேட்டு க்ளின்ட் தலையில் அடித்துக்கொண்டான். "மூடின ரூம்ல கரிப் புகையா? எந்தச் செடிதாம்மா தாங்கும்? நீங்க சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கவே இல்லியேப்பா."

படிக்கட்டுச் செடியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள், புகையை நிறுத்திச் சன்னலைத் திறந்தாள். கடல் காற்று முற்றம் வழியாக உள்ளே வந்தது. அந்த வாரத்திலேயே எல்லாச் செடிகளும் நிமிர ஆரம்பித்தன, மொட்டுகள் கட்டின. விஸ்தின் நாற்காலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து பார்த்தான். இலையை விரலால் தட்டி, "இதுங்களுக்கு என்னைவிட முதுகெலும்பு ஜாஸ்தி" என்றான். வீட்டில் அன்று விசேஷ நாளைப் போல முயல் குழம்பு.

காற்று உள்ளே வந்தால் மணம் வெளியே போகும் அல்லவா? மொட்டு முற்ற முற்ற மணமும் முற்றியது. முதலில் முற்றத்துக்கு அந்தப்பக்கம் சன்னல் கதவு படாரென்று அறைந்தது. பிறகு குரல் வந்தது.

"பிலு! என் படுக்கை விரிப்பெல்லாம் நாறுது! இந்த நாத்தத்தோடதான் நான் கோயிலுக்குப் போகணுமா?"

"கொஞ்ச நாள்தான் மதினி. பூ முத்தினதும் வெட்டிடுவேன். அவருக்கு வலி—"

"யாருக்குத்தான் வலி இல்ல? புனிதருக்காகப் பட்ட காயம் அது. அந்த வலிய ஆண்டவருக்குக் காணிக்கையா ஒப்புக்கொடுக்கச் சொல்லு."

வலியை ஒப்புக்கொடுக்கச் சொல்கிறவர்கள் எப்போதும் அடுத்தவர் வலியைத்தான் தாராளமாக ஒப்புக்கொடுக்கிறார்கள்.

அடுத்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், செடியைப் பிடுங்கவில்லை, அதட்டவில்லை. புகார் வந்திருக்கிறது, மணம் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது, இல்லையென்றால் நடவடிக்கை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் புகார் என்று அவர்கள் சொல்லவில்லை, ஃபிலுமேனாவும் கேட்கவில்லை.

க்ளின்ட் ஒரு வழி சொன்னான். மணத்தை உறிஞ்சும் கரி உருளை ஒன்று இருக்கிறது. அதில் விசிறியும் குழாயும் பூட்டி முற்றத்துச் சுவரில் ஒரு துளை போட்டால், வெளியே போகிற காற்றில் மணமே இருக்காது, சன்னலையும் மூடிவிடலாம். சன்னல் வழியாகவே குழாயை விட்டால் இடுக்கில் மணம் கசிந்துவிடும். பழைய விசிறி ஒன்றைத் தானே கொண்டுவந்து மாட்டித் தருவதாகவும் சொன்னான். ஆனால் அம்மா காலத்து முற்றத்துச் சுவர் இரண்டு பாகத்துக்கும் பொது. பாகம் பிரித்தபோது அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ரொசாரியா சம்மதிக்க வேண்டும்.

கேட்கத் தானே போவதாக விஸ்தின் சொன்னான். போக முடியவில்லை, சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி முற்றத்துக்கு அந்தப்பக்கம் கூப்பிட்டான். அவன் அவளிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. பாகம் பிரிக்கிறபோது கிணறும் பெரிய சமையலறையும் அவள் பக்கம் போனபோதுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, ஒரு கை அகல ஓட்டை. அதுக்கப்புறம் உனக்கு ஒரு துளி நாத்தம் வராது."

துணியை மடித்துக்கொண்டே ரொசாரியா சொன்னாள்: "அம்மா கட்டின சுவரு விஸ்தின்."

"தெரியும்க்கா. அம்மா இருந்தா அவளே இடிச்சுத் தந்திருப்பா."

"அம்மா இருந்தா நீ இந்த வேலையே பண்ணியிருக்க மாட்டே. ஊர்ல உன்னை என்னான்னு நினைச்சுட்டு இருக்காங்க! உன் படம் மன்றத்துல தொங்குது. நான் எப்படி அந்த வாசல்ல தலை நிமிர்ந்து போறது?"

"படத்துக்குக் கால் வலிக்காதுக்கா."

அவள் மடித்த விரிப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.  விஸ்தின் தன் கையாலேயே சன்னலைச் சாத்திக் கொக்கி போட்டான்.

மூடிய அறையில் ஈரம் கோத்தது. செடிகள் மறுபடி தலை தொங்கின. இந்தத் தடவை என்ன நோய் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மொட்டுக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்ததும் ஃபிலுமேனா அவற்றை வெட்டிப் பையில் கட்டினாள். ஒரு சொட்டு எண்ணெய்க்குத் தேறவில்லை. விஸ்தின் பழைய மாத்திரைக்கே திரும்பினான். இரவுகளில் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்பான தபசுகாலம் முடியப்போகிற குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து ரொசாரியா வந்தாள். ஒரு கையில் பாதாம் ரொட்டி, மறு கையில் புதிதாய் மந்திரித்த ஒலிவக் கிளை.

"இந்தா பிலு, இந்த வருஷத்து இலை. சாமியார் கையால முதல்ல வாங்கினது. வீட்டுக்குப் புகை போடு, தம்பிக்கு நல்லது." கட்டிலைப் பார்த்து, "ஒப்புக்கொடு ராசா, ஒப்புக்கொடு" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். விஸ்தின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"சரிங்க மதினி" என்று ஃபிலுமேனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவள் போனதும் மகன் அறைக்குப் போனாள். காலித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. தகரத்தில் கங்கு போட்டு இலைகளை உருவித் தூவினாள். விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பித்துவிட்டுச் சன்னல் கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து வைத்தாள். புகை கட்டியாக எழுந்து, வந்த வழி தெரிந்ததுபோல் முற்றத்தைத் தாண்டி, வெள்ளை விரிப்புகளுக்குள் புகுந்தது.

"பிலு! புகை! என் துணியெல்லாம் புகை!"

"நீங்க குடுத்த இலைதான் மதினி" என்றாள் ஃபிலுமேனா, குரலை உயர்த்தாமல். "மந்திரிச்சது. மூடிடவா?"

அந்தப்பக்கம் கொடியிலிருந்து துணிகளை உருவும் சத்தம் கேட்டது. மந்திரித்த புகையைப் பற்றி எந்த அதிகாரியிடம் புகார் சொல்வது?

பிரமாணத்தை முடிக்கும் முன்னே கட்டிலிலிருந்து "பிலு... கால்..." என்று கூப்பாடு வந்தது. தகரத்தைச் சன்னல் திண்டிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.