மாடி வீட்டு உண்ணாமலை

போன மாதம் எங்கள் தெருவே திரண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. பயந்துவிடாதீர்கள்... புகார் கொடுக்கத்தான்!

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஒரு மாதம்தான் என்று வெள்ளைக்காரர் ஒருவர் வாடகைக்கு வருவார். விசா முடிந்து வருஷமானாலும் நகர மாட்டார். போலீஸ் வந்தால் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்துவிடுவார். பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பது யார்? வீட்டுக்காரர்!

எதிர்வீட்டு நாகராஜன் சாருக்கு இதில் ஆத்திரம் ஜாஸ்தி. அவர் வீட்டில்தான் கூட்டம் போட்டோம்.

"விசா இல்லாதவங்க ஒருத்தர்கூட நம்ம தெருவுல இருக்கக் கூடாதுங்க. இன்னிக்கே போய் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன். சட்டம் என்றால் சட்டம்தான் — எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

கூட்டத்துக்குக் காபி கொடுத்தது உண்ணாமலை. நாகராஜன் வீட்டு மாடியில் பல வருஷமாகக் குடியிருப்பவர். பிறந்தது ஜெர்மனி, உண்ணாமலை என்று பெயர் வைத்தது எங்கள் தெரு. மார்கழியில் எங்கள் கோலங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு சண்டைக்கு நிற்கும் முதல் ஆளும் அவர்தான்.

"ஆமாங்க, இந்த ஃபாரினருங்க ரொம்ப ஜாஸ்தியாயிட்டாங்க" என்று அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு உண்ணாமலை பக்கம் திரும்பினார்.

"உங்க விசா என்னம்மா ஆச்சு?"

சிரிக்காதீர்கள்... அவரும் வெளிநாட்டுக்காரர் என்பது சத்தியமாக எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை!

"முடிஞ்சு ரொம்ப நாளாச்சு சார்" என்றார் உண்ணாமலை மெதுவாக. "ஊருக்குப் போனா திரும்பி வர விடுவாங்களோ மாட்டாங்களோன்னு பயம்."

"யார் வீட்ல இருக்கீங்க?"

"எங்க வீட்டுப் பொண்ணு சார்" என்று நாகராஜன் சார் முந்திக்கொண்டார்.

யார் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன? ஜெர்மனிக்குப் போய்ப் புது விசா வாங்கித்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கிடைக்குமா? அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. விசா இல்லாதவரைக் குடிவைத்ததற்காக நாகராஜன் சாருக்குத் தனியாக ஒரு மண்டகப்படி நடந்தது. உண்ணாமலையைச் சென்னை பஸ் ஏற்றிவிட மொத்தத் தெருவும் போனோம். நாகராஜன் சார் மனைவி முறுக்கு டப்பாவைக் கையில் திணித்துவிட்டு ஓவென்று அழுதார். நானும்தான். இதில் என்ன வெட்கம்?

புகார் கொடுத்தது தப்பா? இல்லவே இல்லை. நாளைக்கே கூப்பிட்டாலும் போவேன். சட்டம் ஆள் பார்த்து நடக்கக் கூடாது. நாம்தான் பாவம்... ஆளைப் பார்த்துப் பழகித் தொலைத்துவிடுகிறோம்!

நேற்று இரண்டு பேர் வந்து மாடி ரூம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். நாகராஜன் சார் மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"காலி இல்லீங்க. பொண்ணு ஊருக்குப் போயிருக்கு... வந்துடும்."